அப்பா காலத்து ஃபிரேம், இந்தக் காலத்து கியர்

மாட்டுக்கொட்டகைச் சுவரில் வருடக்கணக்காகச் சாய்ந்து கிடக்கும் ஹெர்குலிஸ், பெரியப்பா ஓட்டிவிட்டுப் போட்ட ராலே, எண்பதுகளில் யாரோ ஆசைப்பட்டு வாங்கிய வளைந்த ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிள். இவற்றில் ஒன்றைத் துடைத்தெடுத்து, கியரும் நல்ல பிரேக்கும் பூட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை சேலம், நாமக்கல் பக்கம் சிலரைப் பிடித்திருக்கிறது. ஆசையில் தப்பில்லை. செய்யவும் முடியும். ஆனால் கடைக்குப் போய் “இதுக்கு கியர் போடணும்” என்று சொன்னால், விவரம் தெரிந்த மெக்கானிக் கம்பெனிப் பெயரைக் கேட்க மாட்டார். வெர்னியரை எடுத்து, பின்சக்கரம் உட்காரும் இரண்டு காதுகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார். செலவு எவ்வளவு, வேலை நடக்குமா நடக்காதா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் பாதி தெரிந்துவிடும்.

பழைய சைக்கிளில் ஃபிரேம் அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை என்பது என் கருத்து. பழசாவது, ஃபிரேமும் மற்ற பாகங்களும் ஒன்றையொன்று தொடும் இடங்கள்: மரை, அச்சு அகலம், ரிம் விட்டம், பிரேக் கட்டை உரசும் பரப்பு. ஒவ்வொரு இடத்திலும் உலகம் ஒரு அளவிலிருந்து இன்னொரு அளவுக்கு நகர்ந்துவிட்டது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதுதான் இந்த வேலை முழுவதும். ஃபிரேம் எஃகாக இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது.

தமிழ்நாட்டில் ஓடிய பழைய சைக்கிள்களில் பெரும்பகுதி அம்பத்தூரில் பிறந்தது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1955-ல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆலை வந்தபின் குழாயும் இங்கேயே கிடைத்தது. குழாய்களை லக் என்கிற உறைக்குள் செருகி, இடுக்கில் பித்தளையை உருக்கி ஓடவிட்டு இணைப்பார்கள். பித்தளை உருகுவது சுமார் 900 டிகிரியில். எஃகு உருக 1,400-க்கு மேல் போக வேண்டும். ஆகவே மூட்டைத் திரும்பச் சூடாக்கினால் பித்தளை மட்டும் இளகும், குழாய் அப்படியே இருக்கும். நசுங்கிய ஒரு குழாயைக் கழற்றி வேறொன்றை வைக்கலாம். இன்றைய கார்பன் ஃபிரேமில் அதே மாதிரி குழாயை உருவி மாற்ற முடியாது.

ரேஸ் சைக்கிள்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர் ரெனால்ட்ஸ் 531. பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935-ல் வெளியிட்ட கலப்பு எஃகுக் குழாய் அது. எஃகோடு சுமார் 1.4 சதவீதம் மாங்கனீசும் சிறிது மாலிப்டினமும் சேர்த்தார்கள். சேலத்துக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம். எஃகில் மாங்கனீசு சேர்ப்பதற்கு 1839-ல் காப்புரிமை வாங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலம் மாவட்டத்து இரும்புத் தாதுவை நம்பித்தான் இறங்கினார். நம் பக்கத்துக் கொல்லர்கள் மண்குப்பியில் இரும்பையும் பச்சை இலையையும் கரியையும் போட்டு மூடி உருக்கு எடுத்த விதத்தை ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார். பிறகு ஷெஃபீல்டு போனார். மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் தட்டி இணைக்கத் தக்க நல்ல எஃகு வரும் என்று காட்டினார். ஊரே அந்த முறையைப் பயன்படுத்தியது. அவருக்குப் பணம் தராமல் வழக்காடியது. 1851-ல் ஹீத் ஏழையாகச் செத்தார். அவருடைய காப்புரிமையிலிருந்து 531 நேராகப் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கஞ்சமலைத் தாதுவோடு மல்லாடிய ஒரு மனிதர் எஃகுக்குள் கொண்டுவந்த அதே தனிமம், நூறு வருடம் கழித்து உலகத்தின் மிகப் பிரபலமான சைக்கிள் குழாயில் உட்கார்ந்திருக்கிறது.

இதிலே ஒரு தவறான நம்பிக்கையையும் கழற்றி வைத்துவிடலாம். 531 குழாய் சாதாரணக் குழாயைவிட விறைப்பானது என்பார்கள். அப்படி இல்லை. எந்த எஃகாக இருந்தாலும் அதன் மீள்தன்மைக் கெழு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான். ஒரே விட்டம், ஒரே தடிமன் உள்ள இரண்டு குழாய்களை ஒரே பாரத்தில் அழுத்தினால், விலை உயர்ந்ததும் மலிவானதும் ஒரே அளவுதான் வளையும். வித்தியாசம் அதற்குப் பிறகு தெரியும். சாதாரண எஃகு சீக்கிரமே நிரந்தரமாகக் கோணிவிடும். கலப்பு எஃகு அதைவிட எவ்வளவோ அதிகம் தாங்கிவிட்டுத் திரும்பும். அந்தப் பலம் இருப்பதால் குழாயை மெல்லியதாக இழுக்கலாம், எடை குறையும். நம்மூர் ரோட்ஸ்டர் 20 கிலோவை ஒட்டி இருப்பதற்கும், 531 ரேஸ் சைக்கிள் அதில் பாதியாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

எஃகின் இந்த இரண்டு குணங்களும், வளைந்தால் திரும்புவதும், எல்லை தாண்டினால் வளைந்தபடியே நிற்பதும், முதல் வேலைக்கே தேவைப்படும். பழைய ரோட்ஸ்டர்களின் பின் இடைவெளி 110 மி.மீ.யை ஒட்டி இருக்கும். ஐந்து பல்சக்கரம் வைத்த பழைய ரேஸ் சைக்கிள்களில் 120. ஆறு, ஏழு வந்தபோது 126. எட்டு முதல் பதினொன்று வரை 130. பல்சக்கரங்கள் கூடக்கூட ஹப் அகலமாகிக்கொண்டே போனது. 126 உள்ள ஃபிரேமில் 130 ஹப்பை நுழைக்க வேண்டுமானால், பக்கத்துக்கு 2 மி.மீ. விரிய வேண்டும். கையால் விரித்து நுழைத்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் ஒரு கோளாறு உண்டு. காதுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் லேசாக வெளிப்பக்கம் மலர்ந்து நிற்கும். நட்டை முறுக்கும்போது அச்சு வில்போல் வளையும், பால்ரஸ் ஒரு பக்கமாகத் தேயும், ஒரு நாள் அச்சே முறியும்.

சரியான வழி, நிரந்தரமாக வளைத்து வைப்பது. இரண்டு காதுகளுக்கும் நடுவே நீளமான மரைக்கம்பி ஒன்றை வைத்து, உள்பக்கம் நட்டுகளைத் திருப்பித் திருப்பி விரிப்பார்கள். 130 வந்ததும் நிறுத்தினால், கம்பியை எடுத்தவுடன் ஃபிரேம் 126-க்கே திரும்பிவிடும். இன்னும் மீள்தன்மை எல்லைக்குள்தான் இருக்கிறது. 4 மி.மீ. நிலைத்து நிற்க வேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு விரித்துவிட்டு விட வேண்டியிருக்கும். கொஞ்சம் விரி, தளர்த்து, அள, மறுபடி விரி என்று போக வேண்டிய வேலை. பொறுமை இல்லாதவர் கையில் கொடுத்தால் 138-ல் போய் நிற்கும். வேலை முடிந்ததும் ஒரு நூல் போதும் சரிபார்க்க: ஒரு காதில் கட்டி, முன்னால் ஹேண்டில் தலைக்குழாயைச் சுற்றி, மறு காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேமின் பின்பகுதி இரு பக்கமும் ஒத்து விரிந்திருக்கிறது. பிறகு காதுகளை இணையாகத் திருத்த வேண்டும். ரிக் வண்டிக்கும் லாரிக்கும் உதிரிபாகம் கடைந்து பழகிய திருச்செங்கோடு, நாமக்கல் லேத் பட்டறைகளில் இதற்கான இரண்டு தண்டுகளைக் கடைந்து வாங்குவது பெரிய காரியமில்லை. அலுமினிய ஃபிரேமிலோ கார்பனிலோ இந்த விரிப்பு வேலையை நினைத்தும் பார்க்கக் கூடாது. அலுமினியம் குளிர்ந்த நிலையில் வளைக்கும்போதே விரிசல் விடலாம். கார்பன் வளையாது, உடையும்.

110-ஐ 130 ஆக்குவது வேறு கதை. பக்கத்துக்கு 10 மி.மீ. நடக்கிற காரியம்தான், ஆனால் ரோட்ஸ்டர் ஃபிரேமுக்கு அது தேவையில்லை என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து சக்கரம். சைக்கிள் உலகத்தின் பெரிய குழப்பம் இங்கேதான். நம் ரோட்ஸ்டர் டயரில் 28 × 1½ என்று இருக்கும். அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. ரேஸ் சைக்கிள்களில் வந்த 27 அங்குலச் சக்கரத்துக்கு 630. இன்று எல்லா ரோடு சைக்கிளிலும் இருக்கும் 700சி சக்கரத்துக்கு 622. இதையும் ஐரோப்பாவில் 28 என்றே அழைக்கிறார்கள்! வாங்கிக்கொண்டு வந்த 28 டயர் வீட்டு 28 ரிம்மில் ஏறாதது இதனால்தான். அங்குலக் கணக்கை மறந்துவிட்டு, டயர் ஓரத்தில் சின்னதாக 28-622, 40-635 என்று அச்சாகியிருக்கும் எண்களை மட்டும் பாருங்கள். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது உட்காரும் விட்டம்.

630-லிருந்து 622-க்கு மாறினால் ரிம் விளிம்பு 4 மி.மீ. கீழே இறங்கும். பிரேக் கட்டையையும் அவ்வளவு இறக்க முடிந்தால் போதும், பெரும்பாலான பழைய பிரேக்குகளில் முடியும். கூடவே ஒரு லாபம்: ஃபோர்க்கின் கீழ் இடம் பெருகுவதால் 28 அல்லது 32 மி.மீ. டயர் போடலாம். முப்பது வருடத்துக்கு முன் எல்லோரும் ஒல்லி டயரில் இரும்பாகக் காற்று அடித்தால்தான் வேகம் என்று நம்பினார்கள். ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர் தரையைத் தொடும் தடம் நீளத்தில் குட்டையாகவும் அகலத்தில் பெரிதாகவும் இருக்கும். ரப்பர் வளைந்து நிமிர்வதில் வீணாகும் ஆற்றல் குறைகிறது. நம்மூர்ச் சாலையில் சக்கரம் குதிப்பதில் வீணாவதும் குறையும். இன்னொரு விஷயம்: பழைய குரோம் இரும்பு ரிம்களின் உள் விளிம்பில் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி மாதிரி மடிப்பு கிடையாது. அதில் புது டயரை மாட்டி நூறு பவுண்டு அடித்தால், ஏப்ரல் வெயிலில் நிறுத்தி வைத்திருக்கும்போது டயர் ரிம்மைவிட்டுத் துள்ளி டியூப் வெடிக்கும்.

நான் சொல்வதானால் பிரேக்குக்குத்தான் முதல் பணத்தைச் செலவழிக்க வேண்டும். கியரெல்லாம் பிறகு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 20 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ 1,100 மீட்டர் இறங்கும்போது கழிய வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 8.6 லட்சம் ஜூல், அதாவது கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். வளைவு வளைவாக நின்று நின்று இறங்குகிறவருக்கு மிச்சமெல்லாம் இரண்டு ரிம்களிலும் நான்கு ரப்பர் கட்டைகளிலும் வெப்பமாக இறங்கும். அலுமினிய ரிம் அந்தச் சூட்டைச் சீக்கிரம் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். குரோம் பூசிய இரும்பு அவ்வளவு வேகமாகக் கடத்தாது. மழையில் நிலைமை இன்னும் மோசம். பளபளவென்ற குரோம் பரப்பில் தண்ணீர் படலமாக நிற்கும், ரப்பர் அதன்மேல் வழுக்கும். பிடிமானம் காய்ந்த நிலையில் இருந்ததில் ஒரு சிறு பங்காகிவிடும். சேர்வராயன் மலையில் மத்தியானம் திடீரென்று மழை இறங்குவதை அனுபவித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர் இரும்பு ரிம்மைக் கழற்றி அலுமினிய ரிம் கோத்தாலே, பழைய பிரேக்கோடுகூட, வேறு வண்டி ஆகிவிடும்.

புதுக் காலத்து இரட்டை முளை பிரேக் போடுகிறவர்கள் ஒரு சின்ன இடத்தில் முட்டிக்கொள்வார்கள். பழைய பிரேக்கின் போல்ட் ஃபோர்க் தலையை முழுக்க ஊடுருவிப் பின்னால் சாதாரண நட்டில் முடியும். துளை 6 மி.மீ. புது பிரேக்கின் நட்டு குழல் போல உள்ளே புதைந்து உட்காரும், அதற்கு 8 மி.மீ. வேண்டும். ஃபோர்க் தலையின் பின்சுவரை மட்டும் 8-க்குப் பெருக்க வேண்டும். முன்சுவரில் கை வைத்தால் போல்ட் ஆடும். ரோட்ஸ்டருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதன் கம்பி பிரேக்குகள் ரிம்மின் பக்கத்தைப் பிடிப்பதில்லை. உள்முகத்தை மேல்நோக்கி இழுத்து அழுத்துகின்றன. அலுமினிய 622 ரிம்மில் அந்தப் பரப்பே இல்லை. ரிம்மை மாற்றினால் லீவரிலிருந்து கட்டைவரை பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டும். போல்ட் துளைக்கும் ரிம்முக்கும் தூரமும் அதிகம், 55 முதல் 73 மி.மீ. வரை எட்டுகிற நீளக் கை பிரேக் தேடிப் பிடிக்க வேண்டும்.

இப்போது எல்லோரும் ஆசையோடு காத்திருக்கும் கியர். அதே ஏற்காடு கணக்கிலேயே பார்க்கலாம். ஐந்தரை சதவீத ஏற்றத்தில் 80 கிலோவைத் தள்ள, டயர் உராய்வையும் சேர்த்து ஏறத்தாழ 48 நியூட்டன் விசை வேண்டும். அதிகம் பழகாத ஒருவர் மணிக்கணக்கில் தரக்கூடிய 100 வாட்டை வைத்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள ரோட்ஸ்டரில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 23 முறைதான் பெடல் சுற்றும். சராசரியாக 25 கிலோ எடைக்குச் சமமான மிதி. மேல் உச்சியிலும் கீழ்ப் புள்ளியிலும் மிதியே விழாது என்பதால் நடுவில் அது இரண்டு மடங்காகும். இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ள ஆரம்பிப்பீர்கள். பழைய ரேஸ் சைக்கிளின் 42-க்கு 28 என்றால் நிமிடத்துக்கு 40 சுற்று, 14 கிலோ. இன்றைய 34-க்கு 34 என்றால் 60 சுற்று, பத்து கிலோவுக்கும் கீழே. ஏறுவதற்குச் செலவாகும் மொத்த ஆற்றல் மூன்றிலும் ஒன்றுதான். முழங்காலுக்குத்தான் வித்தியாசம்.

புது கியர் போட்டால் வண்டி வேகமாக ஓடும் என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கிறது. 1999-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செயினை அளந்து பார்த்தபோது, நல்ல நிலைமையில் 98.6 சதவீத ஆற்றல் சக்கரத்துக்குப் போனது. செயின் நூறு வருடத்துக்கு முன்பே ஏறக்குறைய பூரணமாகிவிட்ட யந்திரம். பெரிய பல்சக்கரங்களில் அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்றும் அந்தச் சோதனை காட்டியது, ஏனென்றால் கண்ணிகள் குறைந்த கோணத்தில் மடங்குகின்றன. சமவெளியில் உங்களைப் பிடித்து இழுப்பது காற்று. மணிக்கு 25 கிலோமீட்டரில் ரோட்ஸ்டரில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் காற்றுக்கு மட்டும் நூறு வாட் போலக் கொடுக்கிறார். குனிந்து பிடித்தால் எழுபதுக்குப் பக்கத்தில் இறங்கும். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் எதிர்காற்று அடிக்கும்போது, பதினொரு பல்சக்கரத்தைவிடக் குனிந்த முதுகு பெரிது. எடையும் அப்படித்தான். சமவெளியில் ஐந்து கிலோ குறைந்தால் கிட்டத்தட்டத் தெரியாது. ஏற்காட்டில் தெரியும்.

பல்சக்கரங்களைப் பற்றி இன்னும் ஒன்று. பழைய ஹப்பில் ஃப்ரீவீல் மரைபோட்டு முறுக்கப்படும். ராட்செட் ஃப்ரீவீலுக்குள்ளேயே இருக்கும், வலப்பக்க பால்ரஸ் வெகு உள்ளே தள்ளிப் போய்விடும். பல்சக்கரங்கள் கூடக்கூட அச்சின் வெளி நீட்டம் தாங்காமல் வளைந்தது. 1978-ல் ஷிமானோ ராட்செட்டை ஹப்போடு சேர்த்து, பால்ரஸை வெளிப்பக்கம் நகர்த்தியது. எட்டு, பத்து, பதினொன்று என்று போக முடிந்ததற்குக் காரணம் அந்த ஒரு இடமாற்றம். 1980-களின் நடுவில் ‘கிளிக்’ வைத்து மாற்றும் கியர் வந்தது. அதற்குப் பல்சக்கர இடைவெளி துல்லியமாக இருக்க வேண்டும்: எட்டில் நடுவிலிருந்து நடுவுக்கு 4.8 மி.மீ., பத்தில் 3.95. கியர் மாற்றியைத் தாங்கும் காது ஒரு டிகிரி கோணியிருந்தாலும் கிளிக் ஒத்து வராது. பழைய ஃபிரேம்களில் அந்தக் காது எத்தனை முறை சுவரில் இடிபட்டதோ! அதனால் கீழ்க்குழாயில் இருக்கும் பழைய உராய்வு லீவரையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். கிளிக் இல்லாத அந்த லீவர் எத்தனை பல்சக்கரத்தோடும் ஒத்துப்போகும். காதால் கேட்டுச் சரிசெய்து கொள்ளலாம். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

பெடல் அச்சு உட்காரும் அடிக்குழாய், கடைக்காரர் வாயில் பி.பி., இந்த வேலையில் கிடைக்கும் சந்தோஷமான ஆச்சரியம். பி.எஸ்.ஏ. என்று உலகம் முழுக்க அழைக்கப்படும் மரை, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி, பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனி காலத்தது. இன்றைக்கும் புது ஃபிரேம்களில் அதே மரை இருக்கிறது. ஐம்பது வருடப் பழைய ஃபிரேமில் போன மாதம் செய்த கார்ட்ரிட்ஜ் பி.பி. நேராக ஏறும். நாட்டிங்ஹாமில் செய்த ராலேயில் மட்டும் 26 புரி. பலவந்தமாக முறுக்கினால் ஃபிரேம் கெட்டது. அதனால் முதலில் மரை அளவியை வைத்துப் பார்க்க வேண்டும்.

வலப்பக்கக் கிண்ணம் எதிர் மரையில் இருக்கும். தெரியாதவர் இடப்பக்கம் திருப்பிக் கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கிவிடுவார். ஏன் இப்படி வைத்தார்கள்? ஒரு பென்சிலைக் கைமுட்டிக்குள் லூசாகப் பிடித்து, வெளியே நீட்டிய நுனியைக் கடிகாரச் சுற்றில் வட்டமாக ஆட்டிப் பாருங்கள். முட்டியின் உள்சுவரில் உரசிக்கொண்டே பென்சில் தன்னைத்தானே எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும். பெடல் அச்சுக்கும் கிராங்க் துளைக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் இதேதான் நடக்கிறது. மிதி எப்போதும் கீழ்நோக்கி, கிராங்க் சுற்றுகிறது, தொடும் புள்ளி துளைக்குள் வலம் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அச்சு ஒரு துளி திரும்பும். இடது பெடலுக்கு எதிர் மரை வைத்ததால் அந்தத் துளித் திருப்பம் அதை இறுக்குகிறது. பி.பி. கிண்ணத்தில் நடுவே பால்ரஸ் உருள்வதால் திசை மாறுகிறது. அதனால் அங்கே எதிர் மரை வலப்பக்கம். இத்தாலிக்காரர்கள் இரு பக்கமும் சாதாரண மரை வைத்தார்கள். அவர்களுடைய வலது கிண்ணம் தளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பி.பி.யைத் தொடுவதற்கு முன் கிராங்கைக் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் அதைப் பிடித்திருப்பது காட்டர் பின். எத்தனையோ நல்ல ஃபிரேம்கள் இந்தச் சின்ன ஆப்பினால் கைவிடப்பட்டிருக்கின்றன. முந்தின இரவே மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். நட்டை முழுக்கக் கழற்றாமல், மரை நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். கிராங்கின் அடியில், பின் வெளியே வர இடம் விட்டு, ஒரு தடித்த இரும்புக் குழாய்த் துண்டைத் தரையோடு முட்டுக் கொடுங்கள். அப்புறம் கனமான சுத்தியலால் ஒரே அடி. டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தால் மரை நசுங்கிக் காளான் மாதிரி விரிந்துவிடும், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுக்க பால்ரஸ் கிண்ணத்தில் குழி போடும்.

இத்தனைக்கும் முன்னால் ஃபிரேமே தேறுமா என்று பார்த்தாக வேண்டும். எஃகுக்கு ஒரு நல்ல குணம்: ஒரு எல்லைக்குக் கீழே உள்ள தகைவை எத்தனை கோடி முறை கொடுத்தாலும் அது சோர்ந்து விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. எவ்வளவு குறைவான தகைவானாலும் எண்ணிக்கை கூடக்கூட ஒரு நாள் விரியும். ஆனால் எஃகின் அந்த எல்லையைத் துரு அழித்துவிடும். துருக்குழி ஒவ்வொன்றும் ஒரு விரிசலின் வாசல். வெளியே பெயிண்ட் பளபளக்கும், தண்ணீர் சீட் குழாய் வழியாக இறங்கி பி.பி.க்குள் தேங்கி உள்ளேயிருந்து தின்றிருக்கும். ஆகவே பி.பி.யைக் கழற்றிய கையோடு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தலைக்குழாயின் அடியில், லக்கின் விளிம்பில், பெயிண்டில் மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்று விரலால் தடவுங்கள். புது அலுமினிய சீட் தண்டைப் போடும்போது கிரீஸ் தடவாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு உலோகமும் நடுவே வியர்வை உப்பும் சேர்ந்தால் சின்ன பேட்டரிதான். அலுமினிய ஆக்சைடு பெருத்து, தண்டும் குழாயும் பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிடும்.

செயினுக்கு நம் பக்கத்துச் செம்மண் தூசியும் லாரித் தூசியும்தான் சத்துரு. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். 24 கண்ணி சரியாக 12 அங்குலம். ஸ்கேல் வைத்து அளக்கும்போது அது 12 அங்குலத்துக்கு மேல் 1/16 தாண்டினால் செயினை மாற்றுங்கள். 1/8 தாண்டும்வரை ஓட்டினால் பல்சக்கரங்களும் கூடவே போகும். பழைய வண்டியில் புதுப் பல்சக்கரத்துக்கு ஆகும் செலவு, மூன்று நான்கு செயினுக்குச் சமம்.

இனி ரோட்ஸ்டர். கமலக்கண்ணன் இயக்கிய 2024-ஆம் வருடத்துப் படத்துக்கே ‘குரங்குப் பெடல்’ என்று பெயர் வைக்கிற அளவுக்கு அதன் உயரமான பார் நம் பிள்ளைகளை ஆட்டிவைத்திருக்கிறது. அந்த வண்டியைப் பிடித்து 130-க்கு விரித்து, ரிம், பிரேக், ஹேண்டில்பார் எல்லாம் மாற்றினால், கடைசியில் பழைய ஃபிரேமும் பெயிண்டும் மட்டும்தான் மிஞ்சும். ஆன செலவில் புது கியர் சைக்கிளே வாங்கியிருக்கலாம். அதற்குப் பதில் ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த சக்கரம் ஒன்று இருக்கிறது. 1902-ல் நாட்டிங்ஹாமில் தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர் ஹப் 1930-களிலேயே வந்துவிட்டது. அதன் வம்சம் இன்றும் தைவானிலிருந்து வருகிறது. ரோட்ஸ்டரின் குறுகலான இடைவெளிக்கென்றே பிறந்த ஹப், ஃபிரேமை விரிக்கவே வேண்டாம். உள்ளே ஒரு நடுப்பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் வலம் வரும். அதனால் ஒரு கியர் 25 சதவீதம் குறையும், நடுக் கியர் நேரடி, மேல் கியர் 33 சதவீதம் கூடும். முன்னால் இருக்கும் 44 பல்லை அப்படியே விட்டு, பின்னால் 22 பல் போட்டால் நடுக் கியர் 2, மேல் கியர் 2.67, கீழ் கியர் 1.5. பழைய ரேஸ் சைக்கிளின் 42-க்கு 28 எவ்வளவோ, அவ்வளவு. வாங்குமுன் ரிம்மில் போக்ஸ் துளைகளை எண்ணிக்கொள்ளுங்கள்: ரோட்ஸ்டரில் பெரும்பாலும் முன்னால் 32, பின்னால் 40, 36 துளை ஹப்பை வாங்கி வந்து முழிப்பவர்கள் உண்டு.

ரிம் இரும்பாகவே இருப்பதால் மழையில் நிற்காத சிக்கல் தொடரும். முன்சக்கரத்துக்கு அதே கம்பெனியின் 70 மி.மீ. டிரம் பிரேக் ஹப் போட்டால் அதுவும் தீரும். பிரேக் ஹப்புக்குள் மூடியிருப்பதால் தண்ணீர் போகாது. நாமக்கல், பரமத்தி, திருச்செங்கோடு என்று சமவெளியில் ஓட இது தாராளம். ஏற்காடு ஏறவும் ஏறலாம். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும்: முன்பு சொன்ன 8.6 லட்சம் ஜூலில் பாதி அந்தச் சின்ன டிரம்முக்குள் போனால் சூடேறி, பத்தாவது வளைவுக்குள் பிடிமானம் தளரத் தொடங்கும். பாதியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, டிரம் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் இறங்க வேண்டும்.